37 நாளும் 13 நாளும்

1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுடப்பட்டார். ஆகஸ்ட் 4 இரவு பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. இடையில் 37 நாள். 1962 அக்டோபர் 16 காலை, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிற்கும் படங்களை அமெரிக்க அதிபர் கென்னடியிடம் காட்டினார்கள். அக்டோபர் 28 அன்று, அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக சோவியத் தலைவர் குருஷேவ் அறிவித்துவிட்டார். இரு நாளையும் சேர்த்து எண்ணினால் 13. கையில் நிறைய நாள் வைத்திருந்தவர்கள் போரில் விழுந்தார்கள், கொஞ்சமே வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். (இந்தியாவில் 1962 அக்டோபர் என்றால் கியூபா நினைவுக்கு வராது. அந்த மாதம் 20ஆம் தேதி சீனப் படை எல்லையில் இறங்கியதுதான் வரும்.)

ஏன் இப்படி? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, ‘அணுகுண்டு பயம்’. பாதி சரி. ஆனால் அந்தப் பயம் எல்லாரையும் ஒரே பக்கம் தள்ளவில்லை. விமானப்படைத் தலைவர் லெமே உடனே குண்டு வீசச் சொன்னார், மற்ற படைத் தளபதிகளும் அவர் பக்கம்தான். கென்னடியின் மனமே முதல் நாள் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. அதனால் பயத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு இடத்திலும் நாட்களை யார் எப்படிச் செலவழித்தார்கள் என்று பார்ப்போம்.

1914இல் முதல் 25 நாள் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் கையில் இருந்தது. கொலைக்குப் பின்னால் இருந்ததாக நினைத்த செர்பியாவை அடிப்பது என்று அங்கே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஜெர்மனியும் ஜூலை 5, 6 தேதிகளில் ‘என்ன செய்தாலும் கூட நிற்போம்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டது. பிறகு ஏன் தாமதம்? சாம்ராஜ்ஜியத்தின் மறுபாதியான ஹங்கேரியின் பிரதமர் டிஸா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சிப்பாய்களில் பலர் அறுவடை விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள். பிரெஞ்சு அதிபர் புவான்கரே ரஷ்யத் தலைநகரில் விருந்தாளியாக இருந்தார். அவர் கப்பலேறட்டும், பாரிஸும் ரஷ்யாவும் நேரில் கலந்து பேச முடியாத நேரமாகப் பார்த்து எச்சரிக்கையைக் கொடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். ஜூலை 23 மாலை ஆறு மணிக்கு செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை போனது. பதில் சொல்ல 48 மணி நேரம். அது மறுக்கப்பட வேண்டும் என்றே எழுதப்பட்ட கடிதம். ஆக, ஒரு மாதத்தைத் தானே தின்றுவிட்டு, ஐரோப்பா முழுவதற்கும் இரண்டு நாளை விட்டுவைத்தது வியன்னா.

1962லும் ரகசியம் இருந்தது. அக்டோபர் 16 முதல் 22 இரவு தொலைக்காட்சியில் பேசும் வரை கென்னடி வெளியே மூச்சு விடவில்லை. ஆனால் அந்த ஆறு நாளும் உள்ளே சண்டைதான்: குண்டு வீச்சா, கடல் முற்றுகையா? குண்டு வீசினால் எல்லா ஏவுகணைகளும் அழியும் என்று விமானப்படையால் உறுதி கொடுக்க முடியவில்லை. சோவியத் வீரர்கள் சாவார்கள், மாஸ்கோ ஏதாவது செய்தே தீர வேண்டியிருக்கும். முற்றுகையோ, இருக்கிற ஏவுகணைகளை ஒன்றும் செய்யாது. ஆனால் கப்பல் வந்து சேர நாளாகும், அதுவரை எதிராளி யோசிக்கலாம். முற்றுகை என்பது சட்டப்படி போர்ச் செயல் என்பதால் அதற்கு ‘குவாரண்டைன்’ என்று பெயர் வைத்தார்கள். கொரோனாக் காலத்தில் நம் வீட்டு வாசலில் ஒட்டிய அதே சொல்தான். இரண்டு யோசனைகளில் முற்றுகைதான் மேலானது என்பேன். அது பலித்தது என்பதற்காகச் சொல்லவில்லை, தப்பினால் மாற்றிக்கொள்ள இடம் வைத்தது அது ஒன்றுதான்.

1914இல் அந்த இடத்தை அடைத்தது ரயில். படைதிரட்டல் என்றால் பத்து லட்சக்கணக்கான ஆட்களை, குதிரைகளை, பீரங்கிகளை மணிக்கணக்குப் பிசகாமல் எல்லைக்கு ஏற்றி அனுப்புவது. ரஷ்யா திரட்ட நாளாகும், அதற்குள் அதன் கூட்டாளியான பிரான்சை ஆறு வாரத்தில் முடித்துவிட வேண்டும் என்பதே ஜெர்மனியின் திட்டம். ஆகவே ரஷ்யா திரட்டத் தொடங்கினாலே ஜெர்மனிக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஜூலை 29 இரவு, முழுப் படைதிரட்டல் உத்தரவை ரஷ்யச் சக்கரவர்த்தி ஜார் நிக்கோலஸ் நிறுத்தினார். மறுநாளே தளபதிகளும் அமைச்சர்களும் வற்புறுத்தி அவரைத் திரும்பக் கையெழுத்திட வைத்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டன் ஒதுங்கி நிற்கலாம் என்று ஒரு செய்தி (தவறான செய்தி) பெர்லினுக்கு வந்தது. படை முழுவதையும் கிழக்கே திருப்பச் சொன்னார் ஜெர்மன் சக்கரவர்த்தி கைசர் வில்ஹெல்ம். முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. சுமார் 11,000 ரயில்களுக்கு நேர அட்டவணை போட்டாயிற்று, ஒரே ராத்திரியில் அதைக் குலைக்க முடியாதாம். சக்கரவர்த்தி சொல்லி ரயில் திரும்பவில்லை.

இதன் மறுபக்கம் 1962 அக்டோபர் 27, சனிக்கிழமை. கியூபாவுக்கு மேலே ஒரு யு-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்தார். அப்படி நடந்தால் சுட்ட தளத்தைத் தாக்குவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். தளபதிகள் தயார். கென்னடி பொறுக்கச் சொன்னார், ராணுவமும் பொறுத்தது. அந்த வருடம் வெளியான, 1914 பற்றிய நூல் ஒன்றை அவர் படித்திருந்தார். எவ்வளவு உதவியதோ, ஆனால் தன்னைச் சுற்றியிருந்தவர்களிடம் அதை அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கைக்கு எட்டாத இடங்களும் இருந்தன. அதே நாள் இன்னொரு யு-2 வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போய் வந்தது. கடலுக்கடியில் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியில் ஓர் அணு டார்பிடோ இருந்தது. அது அமெரிக்கக் கப்பல்களுக்குத் தெரியாது. மேலே வரவைப்பதற்காகச் சிறு வெடிகளைப் போட்டார்கள். போர் வந்துவிட்டதென்று நினைத்து டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்ன கேப்டனை வசிலி ஆர்க்கிபோவ் என்ற அதிகாரி தடுத்தார் என்று உள்ளே இருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். இதைத் தலைவர்களின் சாமர்த்தியக் கணக்கில் எழுத முடியாது. 1962ஐ வெறும் ராஜதந்திர வெற்றியாகச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள்.

செய்தித் தொடர்பின் குளறுபடியில் மட்டும் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. 1914இல் உறவினர்களான கைசரும் ஜாரும் ‘வில்லி’, ‘நிக்கி’ என்று கையெழுத்திட்டு அனுப்பிய தந்திகள் குறுக்கும் நெடுக்குமாகப் போயின. 1962இல் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் டோப்ரினினின் தந்தியை வாங்கிப்போக சைக்கிளில் ஒரு பையன் வருவானாம். கடைசியில் குருஷேவ் தன் பதிலை வானொலியிலேயே படிக்க வைத்தார். மறு ஆண்டு இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடி இணைப்பாக ‘ஹாட்லைன்’ வந்தது. சினிமாவில் காட்டும் சிவப்புத் தொலைபேசி இல்லை, செய்தியை எழுத்தாக அச்சடிக்கும் டெலிபிரிண்டர்.

சரி, எதிராளிக்கு வெளியேற வழி? 1914இல் செர்பியா ஏறக்குறைய எல்லா நிபந்தனைகளையும் ஏற்றது. ஆஸ்திரிய அதிகாரிகள் தன் மண்ணில் விசாரணையில் கலந்துகொள்வதைத்தான் மறுத்தது. கைசரே அந்தப் பதிலைப் படித்துவிட்டு, போருக்கு இனி காரணமே இல்லை என்று எழுதினார். எழுதியது ஜூலை 28. அதே நாள் ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது.

1962இல் வழி ரகசியமாகத் திறந்தது. 27 மாலை அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி டோப்ரினினைச் சந்தித்தார். கியூபாவைத் தாக்கமாட்டோம் என்பது வெளியே சொல்லும் வாக்கு. துருக்கியில் இருக்கும் அமெரிக்க ஜூப்பிட்டர் ஏவுகணைகளும் சில மாதத்தில் போய்விடும், ஆனால் அதை வெளியே சொல்லக்கூடாது. 1963 ஏப்ரலில் அவை போயின. இந்தக் கொடுக்கல் வாங்கல் பல வருடம் மறைக்கப்பட்டதால், ‘உறுதியாக நின்றால் எதிரி பணிவான்’ என்ற அரைகுறைப் பாடம் அமெரிக்காவில் ஊறிவிட்டது. வியட்நாமில் அதற்குக் கொடுத்த விலையும் இந்தக் கணக்கில்தான் வரும் என்பது என் எண்ணம்.

விளைவுகளில் ஒப்பிட என்ன இருக்கிறது? ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு கோடி சிப்பாய்களின் சாவு. கடல் கடந்து போன பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில் எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் திரும்பவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தி, கெட்டிக்கார ஆசாமிக்கு ஒரு பெயரையும் தமிழில் விட்டுப் போனது. மறுபக்கம் ஒரு டெலிபிரிண்டர், ஓர் அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம், இனி பின்வாங்கக்கூடாது என்று சோவியத் குவித்த புது ஏவுகணைகள்.

1914இல் போருக்குக் கையெழுத்திட்ட அரச வம்சங்களில் மூன்று, 1918 முடிவதற்குள் அரியணை இழந்தன. ஜார் குடும்பத்தோடு சுடப்பட்டார், கைசர் நெதர்லாந்துக்கு ஓடினார், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் சாம்ராஜ்ஜியம் வரைபடத்திலேயே இல்லை. குருஷேவையும் 1964 அக்டோபரில் சகாக்கள் இறக்கினார்கள், குற்றச்சாட்டுகளில் கியூபாவும் ஒன்று. ஓய்வூதியமும் மாஸ்கோவுக்கு வெளியே ஒரு வீடும் கொடுத்தார்கள். அங்கே தோட்டத்தில் தக்காளி போட்டுக்கொண்டிருந்தார்.