ஆறு வருஷம், ஒரு ஏர்பிரஷ், ஒரு மச்சான்

இந்த ஏர்பிரஷ், அதாவது காற்றால் பெயிண்ட் தெளிக்கிற பேனா மாதிரிக் கருவி, 2019 டிசம்பரில் வாங்கியது. இந்த மார்கழியோடு ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை இருபத்திரண்டு பிளாஸ்டிக் மாடல் விமானங்களுக்கு இதில்தான் பெயிண்ட் அடித்திருக்கிறேன். இரண்டைத் தவிர எல்லாமே 1/72 அளவு. வாங்கின வாரமே எழுதுகிற அனுபவப் பகிர்வுகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. புதிதில் எந்த ஏர்பிரஷும் நன்றாகத்தான் அடிக்கும். சென்னையில் ஓர் ஐப்பசி மழையைத் தாண்டட்டும், அப்புறம் பேசலாம்.

பொருள் இதுதான்: டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ், தலையில் பெயிண்ட் கிண்ணம், 0.3 மில்லிமீட்டர் முனை. விசையை அழுத்தினால் காற்று வரும், அப்படியே பின்னுக்கு இழுத்தால் பெயிண்ட் வரும். கூடவே மூன்று லிட்டர் டாங்க் வைத்த சின்ன கம்ப்ரசர். பிராண்ட் பெயர் சொல்லவில்லை. ஒரே சரக்கு பத்துப் பெயரில் விற்கிறது, பெயரைச் சொல்லி யாருக்கும் பிரயோஜனமில்லை. தாம்பரம் பக்கம் வீடு. விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும். பைத்தியம் பிடிக்க அது போதாதா?

முதல் வருஷம் குறையே இல்லை. ஊரடங்கு வேறு, வீட்டிலேயே கிடந்து அடுத்தடுத்து நாலு விமானம் முடித்தேன். ஐந்தாவது, மிக்-21எஃப்எல். நம் விமானப்படையில் அதை டைப் 77 என்பார்கள். 1971 போரில் டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கிய ரகம். வெள்ளி நிறத்தில் செய்ய ஆசைப்பட்டேன். வெள்ளி அடிக்க வேண்டுமென்றால் முதலில் பளபளப்பான கறுப்பு அடிக்க வேண்டும். அதன் மேல் மெல்லிசாக அலுமினியப் பெயிண்ட். கறுப்பில் ஒரு தூசி, ஒரு புள்ளி இருந்தாலும் வெள்ளி அதை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

2020 நவம்பர். வெளியே மூன்று நாளாக விடாத மழை. மேசையில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் சீராக அடித்தேன். இடது இறக்கையின் கடைசிப் பூச்சில் ஏர்பிரஷ் லேசாக இருமியது. அவ்வளவுதான், துளித்துளியாய்த் தண்ணீர் தெறித்து வெள்ளியில் மூன்று வட்டம் விழுந்தது. அம்மைத் தழும்பு மாதிரி. துடைக்கப் போய் கறுப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

இங்கேதான் மச்சான் வருகிறார். என் மனைவியின் அண்ணன், பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபிக்கு வந்தால் ஏதாவது ஒன்றில் எங்களுக்குச் சண்டை வராமல் போகாது.

“காத்துல இருக்கிற ஈரந்தான் மாப்ள. வேற என்ன?”

“கம்ப்ரசர் தலையில கை வெச்சுப் பாருங்க மச்சான், சுடுது. காத்தை அழுத்தினா சூடாகுது. சூட்டுல ஈரம் காயத்தானே செய்யணும்?”

“சூடா இருக்கிற வரைக்கும் சரி. அப்புறம் ஆறுமே, அப்போ?”

கேஸ் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் உள்ளே 24 கிராம் இருக்கிறது. கேஜில் 3 பார் காட்டும்போது, வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்தால் மொத்தம் 4, அந்தக் காற்று நாலில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்பட்டிருக்கும். பழைய சூட்டுக்கே ஆறிவந்தால் அந்தக் கால் கன மீட்டரால் ஏழரை கிராம்தான் தாங்க முடியும். மிச்சம் பதினாறு சொச்சம் கிராம் தண்ணீராகத்தான் இறங்க வேண்டும். ஏர்பிரஷ் நிமிஷத்துக்குச் சுமார் 15 லிட்டர் காற்று தின்கிறது. ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர். “மணிக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணி மாப்ள. அது எங்க போவுதுன்னு என்னிக்காவது பாத்தீங்களா?”

பார்த்ததில்லை. டாங்கைத் தலைகீழாகப் புரட்டினால் அடியில் ஒரு திருகு. வாங்கினதிலிருந்து அதைத் தொட்டதே இல்லை. திறந்தேன். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் துருத்தண்ணீர், ஒரு டம்ளர் நிறைய. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். சொல்லியிருந்தால் தேவலை.

அதோடு முடியவில்லை. டாங்கைக் காலி செய்த பிறகும், நீண்ட நேரம் அடித்தால் இருமல் வந்தது. கம்ப்ரசரோடு வந்த ஈரவடிகட்டி கம்ப்ரசர் மேலேயே பொருத்தப்பட்டிருந்ததுதான் காரணம். அங்கே வருகிற காற்று இன்னும் சூடு. ஈரம் ஆவியாகவே வடிகட்டியைத் தாண்டிவிடுகிறது. அப்புறம் குழாய்க்குள் ஆறித் தண்ணீராகி நேரே என் இறக்கைக்கு வருகிறது. ஆகவே மூன்று மீட்டர் கூடுதல் குழாய் வாங்கி, சுருட்டிப் பச்சைத் தண்ணீர் வாளியில் அமுக்கி வைத்தேன். குழாய் முடிகிற இடத்தில், கைப்பிடிக்குக் கீழேயே, இன்னொரு குட்டி வடிகட்டி. அதற்குப் பிறகு ஐந்து மழைக்காலம் போய்விட்டது, ஒரு துளி தெறிக்கவில்லை. இந்த ஏர்பிரஷ் வாங்குகிறவர்கள் முனை அளவு, ஊசி தரம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வடிகட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அது போதும்.

மற்ற தேய்மானங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோம்பேறித்தனத்தில் ஒருமுறை ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரில் முழு ஏர்பிரஷையும் ஊறப்போட்டேன். உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் ஊறின அப்பளம் மாதிரி உப்பிவிட்டன. அதே தின்னர் பிளாஸ்டிக்கில் பட்டால் விமானமே உருகும், எச்சரிக்கை. ஊசி இரண்டுமுறை மொசைக் தரையில் விழுந்து நுனி வளைந்தது. 2000 நம்பர் உப்புத்தாளில் வைத்து மெதுவாக உருட்டினால் நேராகும், ஆனால் பழைய மெல்லிய கோடு வராது. முனை ஒருமுறை பிளந்தது. தனியாகக் கேட்டால் “செட்டாத்தான் வரும் சார்” என்றார் கடைக்காரர். ஒரு மிளகு அளவுப் பித்தளைத் துண்டுக்காக முழு செட் வாங்கின வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது. கம்ப்ரசர் மட்டும் கோயில் மாடு மாதிரி, ஒரு நோய் நொடி கிடையாது.

நிறம் பற்றிய சண்டை தனி. மாடல் கட்டுகிறவர்களிடம் ஒரு சித்தாந்தம் உண்டு: 1/72 விமானத்தை ஒரு மீட்டரிலிருந்து பார்ப்பது நிஜ விமானத்தை 72 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம், இடையில் இருக்கும் காற்று நிறத்தை வெளுக்கவைக்கும், ஆகவே பெயிண்டில் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். பெரம்பூர் நண்பர் ஒருவர் இதை வேதவாக்காகச் சொல்வார். மச்சானிடம் கேட்டேன். பார்வைத் தூரம் 10 கிலோமீட்டர் இருக்கும் சாதாரண நாளில் 72 மீட்டர் காற்று மூன்று சதவீதத்துக்குக் கீழேதான் மங்கலாக்கும் என்றார். “போகி அன்னிக்குக் காலையில, டயர் எரியற புகையில, அரை கிலோமீட்டர்கூடத் தெரியாதுல்ல? அப்போ வேணா நாப்பது சதவீதம் வெளுக்கும். உங்க ஃப்ரெண்டு எல்லா விமானத்தையும் போகி அன்னிக்குத்தான் பாக்கறாரா?”

நண்பரிடம் இதை அப்படியே சொன்னேன். இரண்டு மாதம் பேசவில்லை. ஆனால் நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒரே கிட்டில் இரண்டு வால் துண்டுகளை எடுத்து, ஒன்றுக்கு டப்பாவில் இருந்தபடியே, இன்னொன்றுக்கு வெள்ளை கலந்து அடித்துப் பார்த்தேன். வெள்ளை கலந்ததுதான் நிஜம் மாதிரி இருந்தது. வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் அடிக்கிறது. என் அறை எல்.இ.டி. விளக்கில் சில நூறுதான். மங்கிய வெளிச்சத்தில் எந்த நிறமும் கறுத்துத் தெரிகிறது. நண்பர் சொன்ன காரணம் தப்பு, அவர் கை சரி. இப்போது நானும் கலக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

விமானத் தகடுகள் சேருமிடத்தைக் காட்டும் பேனல் கோடுகளில் மட்டும் நான் யாரோடும் சமாதானம் ஆகமாட்டேன். 0.2 மில்லிமீட்டர் அகலக் கோட்டை 72ஆல் பெருக்கினால் 14 மில்லிமீட்டருக்கு மேல். நிஜ விமானத்தில் தகடுகளுக்கு நடுவே என் சுண்டுவிரல் போகிற இடுக்கா இருக்கிறது? அதில் கறுப்பு மையை வேறு இழுத்துவிட்டு ‘ரியலிஸ்டிக்’ என்கிறார்கள்.

ஒரே ஒரு சண்டையில் மச்சானை நான் ஜெயித்தேன். விமானம் எப்படிப் பறக்கிறது என்பதற்கு அவர் இருபது வருஷமாக வகுப்பில் சொல்லிவந்த கதை: இறக்கையின் மேல்பக்கம் வளைவு, போகவேண்டிய தூரம் அதிகம், கீழே போகிற காற்றோடு பின்னால் போய்ச் சேர வேண்டுமே என்று மேல்காற்று வேகமாக ஓடுகிறது, வேகம் கூடினால் அழுத்தம் குறைகிறது. ஒட்டாத மிக்-21 இறக்கையின் இரண்டு பாதிகளை அவர் கையில் கொடுத்தேன். தகடு மாதிரி மெல்லிசு, மேலும் கீழும் ஒரே வளைவு. “இது எப்படி மச்சான் பறந்துது? அதுவும் 1963லேருந்து நம்ம கிட்ட?” திருப்பித் திருப்பிப் பார்த்தார். காபி ஆறிப்போனது.

அடுத்த ஞாயிறு அவரே வந்து ஏர்பிரஷைக் கேட்டார். பெயிண்ட் இல்லாமல் வெறும் காற்று. ஒரு காகிதத் துண்டை நேராகத் தொங்கவிட்டு ஒரு பக்கமாகக் காற்றை ஓடவிட்டார். காற்று வேகமாகப் போகிற பக்கம் அழுத்தம் குறைந்து தாள் அங்கே சாய வேண்டுமே? பெரிதாக அசையவில்லை. அதே தாளை விரல் மேல் வளைத்துப் பிடித்து, வளைவின் மேல் காற்றை விட்டார். தாள் சட்டென்று எழுந்தது. “வேகம் மட்டும் இல்ல மாப்ள. காத்து வளைவோட ஒட்டிக்கிட்டு கீழ திரும்புது. காத்தைக் கீழ தள்ளினா இறக்கை மேல போகும். மேல்காத்தும் கீழ்காத்தும் பின்னாடி சேர்ந்துக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. மேல போறது முன்னாடியே போய்ச் சேர்ந்துடுது.” வளைவே இல்லாவிட்டாலும் மூக்கைத் தூக்கிப் பிடித்தால் அதே வேலை நடக்கும், மிக்-21 மூக்கைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்கிற வேகத்தில் இறங்குவதும் அதனால்தான். அந்த வருஷம் வகுப்பில் பாடத்தை மாற்றிச் சொன்னாராம். பரீட்சையில் மட்டும் புத்தகத்தில் இருப்பதையே எழுதச் சொன்னாராம்.

டைப் 77 விமானங்கள் 2013 டிசம்பரிலேயே மேற்கு வங்கத்துக் கலைக்குண்டா தளத்தில் விடைபெற்றுவிட்டன. கடைசி மிக்-21கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில். டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சான் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தத் தழும்பு விழுந்த பழைய மிக்கை எடுத்துவந்தார். வகுப்பில் காட்ட வேண்டுமாம். தாராளமாக என்றேன். அவர் அதோடு விடவில்லை, சமையலறைத் தராசைக் கேட்டார்.

“நிஜ விமானம் சுமார் எட்டு டன். நீளம், அகலம், உயரம் மூணும் 72ல ஒண்ணு. எடை 3,73,248ல ஒண்ணு. அப்போ இது 21 கிராம் இருக்கணும்.”

தராசு 27 காட்டியது. வால் குந்தாமல் இருக்க மூக்குக்குள் நான் அடைத்த ஈயக்குண்டுகளின் வேலை.

“ஓவர்லோடு மாப்ள,” என்றார். “ரன்வே பத்தாது.”