புறாவுக்கு வலையா, முள்ளா, கம்பியா?

சென்னையில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில். படுக்கையறை ஏசியின் அவுட்டோர் யூனிட் வெளியே சன்ஷேட் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். அந்த ஒரு சாண் போதும் புறாவுக்கு. மாடப்புறாவின் பூர்வீகம் பாறை முகடுகளும் குகை விளிம்புகளும்தான், நாம் கட்டி வைத்திருக்கிற சன்ஷேடும், குழாய்கள் போகும் சந்தான டக்டும் அதற்குச் சொந்த ஊர் மாதிரியே தெரியும். விடியற்காலையில் குனுகல் ஆரம்பித்துவிடும், கொடியில் காயும் துணியில் எச்சம், ஜன்னலைத் திறந்தால் இறகுத் தூசி. நான்கு வருடமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எது எப்படி என்று எழுதுகிறேன்.

முதலில் காசு வீணாகிறவற்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய சிடி, மினுமினுக்கும் ரிப்பன், பிளாஸ்டிக் ஆந்தை இவையெல்லாம் ஒரு வாரம் வேலை செய்யும். அசையாத ஆந்தை ஒன்றும் செய்யாது என்று தெரிந்ததும் புறா அதன் தலைமேலேயே வந்து உட்காரும். அல்ட்ராசோனிக் கருவியை வாங்கவே வாங்காதீர்கள். மனிதக் காதுக்குக் கேட்காத அளவுக்கு மேலே போகும் ஒலி புறாவின் காதுக்கும் கேட்காது. பிசுபிசுப்பான ஜெல் எனக்கு இன்னும் மோசமாகப் படுகிறது. சென்னைத் தூசி படிந்தால் அதன் ஒட்டும் தன்மை போய்விடும், அதற்கு முன்னால் ஒரு தேன்சிட்டு தெரியாமல் வந்து உட்கார்ந்தால் இறகு பிசினாகி அது பறக்கவே முடியாமல் போகலாம்.

முள்பட்டை, அதாவது ஸ்பைக், சரியான இடத்தில் போட்டால் நல்ல வேலை செய்யும். குழாய், ஜன்னல் விளிம்பு, கைப்பிடிச் சுவர் மாதிரி ஒடுங்கிய இடம்தான் அதற்குச் சரி. அகலமான ஸ்லாபில் ஒரே ஒரு வரிசை ஒட்டினால் புறா அதற்குப் பின்னால் போய் நிம்மதியாக உட்காரும், நான் செய்த தப்பு அதுதான். அதோடு விட்டதா, முள்ளுக்கு நடுவில் தென்னை ஈர்க்குகளைக் கொண்டுவந்து செருக ஆரம்பித்தது. எங்கள் வீட்டு விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குகள்தான். குச்சிகள் விழாமல் பிடித்துக்கொள்ள முள் வசதியாகிவிட்டது, பத்து நாளில் கூடு தயார். இது நம் ஊர்ப் புறாவோடு நிற்கவில்லை. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரத்தில் மேக்பை என்ற பறவை கட்டடங்களிலிருந்து இந்த முள்பட்டைகளைப் பிடுங்கித் தன் கூட்டுக்கே வேலியாக வைத்திருந்ததை 2023-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள், ஒரே கூட்டில் சுமார் 1,500 முட்கள். முள்தான் என்று முடிவு செய்தால் ஸ்டீலில் வாங்குங்கள், மலிவான பிளாஸ்டிக் நம் வெயிலில் மொறுமொறுவென்று ஒடிந்துவிடும்.

உண்மையான போட்டி வலைக்கும் இன்விசிபிள் கிரில்லுக்கும்தான்.

கிரில் என்பது பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட மெல்லிய ஸ்டீல் கம்பிகளை அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவது. தூரத்திலிருந்து பார்த்தால் கம்பியே தெரியாது, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பாதுகாப்பும் கூட. செலவு வலையைவிடப் பல மடங்கு. வாங்குவதற்கு முன் இடைவெளியை நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். மூன்று அங்குலம் விட்டால் புறா உடம்பைச் சுருக்கிக்கொண்டு நுழைந்துவிடும், இரண்டு அங்குலம் கேளுங்கள். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தீ மாதிரி ஏதாவது அவசரம் வந்தால் வலையைச் சமையலறைக் கத்தியால் அறுத்துவிடலாம், இந்தக் கம்பியை முடியாது. அறுக்கும் கருவி ஒன்று வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வாடகை வீட்டுக்கும், ஏசி வைத்த சன்ஷேடுக்கும், டக்டுக்கும் வலைதான். ஆனால் வலையின் தரத்தைவிட அதைக் கட்டும் கைதான் முக்கியம். கொக்கிகளை நெருக்கமாக அடித்து, சுற்றிலும் கயிறு ஓட்டி, தட்டினால் அதிரும் அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். தொய்வாக இருந்தால் அது வலையில்லை, பொறி. எங்கள் டக்டில் அப்படித் தொங்கிய ஒரு வலையில் இளம் புறா ஒன்றின் கால் மாட்டி, இறக்கையை அடித்து அடித்துக் கடைசியில் தலைகீழாகத் தொங்கியது. வாட்ச்மேன் அண்ணன் ஏணி போட்டு ஏறி, கத்தரிக்கோலால் நான்கு கண்ணியை வெட்டி எடுத்தார். காலில் நூல் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. அன்றைக்குப் பிறகு யார் வீட்டுக்கு வலை கட்டினாலும் நான் போய் நான்கு மூலையையும் இழுத்துப் பார்க்கிறேன்.

அப்புறம் நேரம். கட்ட ஆள் வந்த அன்று பார்த்தால் ஏசிக்குப் பின்னால் மஞ்சள் பூமயிரோடு இரண்டு குஞ்சுகள், கண்கூடத் திறக்கவில்லை. அப்போது வலை கட்டினால் தாயும் தகப்பனும் வெளியே, குஞ்சு உள்ளே, பட்டினியில் சாகும். பெற்ற புறாக்கள் இரண்டுமே தொண்டைப் பையில் ஊறும் பாலைத்தான் முதல் நாட்களில் ஊட்டும், நாம் எடுத்து வளர்ப்பது லேசில்லை. ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு ஐந்து வாரம் காத்திருந்தேன். குஞ்சு பறந்த அன்றே கூட்டை எடுத்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் அடுத்த இரண்டு முட்டை வந்துவிடும். எச்சத்தை உலர்ந்தபடியே பெருக்கக் கூடாது. மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்து ஊறவைத்து வழித்தெடுங்கள். அந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் ஒவ்வாமையில் நுரையீரலே தழும்பேறும் நோய் வரலாம்.

காகத்துக்கு இந்த ஏற்பாடெல்லாம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். கோடையில் கூட்டுப் பக்கம் போனால் தலையில் கொத்தும், சில வாரத்தில் அடங்கிவிடும். அதுவரை குடையோடு போங்கள்.

சரி, வலை கட்டியாயிற்று, என் வீட்டுப் புறா எங்கே போனது? பக்கத்து ஃபிளாட் சன்ஷேடுக்கு. முள், வலை, கம்பி எதுவானாலும் புறாவை இடம் மாற்றும், எண்ணிக்கையைக் குறைக்காது. எண்ணிக்கையைத் தீர்மானிப்பது தீனி. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் 1961 முதல் 1985 வரை சுமார் ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றும் கூட்டம் சுமார் 20,000-லேயே நின்றது. 1988-இல் தீனி போடாதீர்கள் என்று மக்களிடம் பேச ஆரம்பித்து, கூடவே புறா மாடங்கள் வைத்து முட்டைகளை எடுத்தார்கள். நான்கே வருடத்தில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

தீனியை நிறுத்துவது வலை கட்டுவதைவிடக் கடினம், ஏனென்றால் அங்கே பக்தி இருக்கிறது. மும்பையில் 2025 ஆகஸ்டில் தாதர் கபூதர்கானாவை, அதாவது புறாக்களுக்குத் தீனி போடும் இடத்தை, மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியபோது எவ்வளவு பெரிய போராட்டம் நடந்தது என்று பார்த்தோம். எங்கள் குடியிருப்பில் ஐந்தாம் மாடி அம்மா தினமும் மொட்டை மாடியில் இரண்டு படி கம்பு கொட்டுவார். அசோசியேஷன் கூட்டத்தில் அவரைச் சத்தம் போட்டார்கள், அடுத்த நாளே மூன்று படி கொட்டினார். பிறகு நான் தனியாகப் போய், ஆஸ்துமா இருக்கிற நான்காம் மாடிக் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அமாவாசைக்குக் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைக்கிற மாதிரி புறாவுக்கும் ஒரு பிடி போதுமே அம்மா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "வாரத்துக்கு ஒரு நாள் வெச்சுக்கறேன்" என்றார். இப்போது வெள்ளிக்கிழமை மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு டம்ளர்.