ஓபரா அரங்கா, சிம்பொனி மேடையா: இசை நடத்துநரின் இரு பாதைகள்

மேற்கத்திய செவ்வியல் இசையில் நடத்துநராக, அதாவது கையசைவால் இசைக்குழுவை வழிநடத்துபவராக, விரும்புவோருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே உண்டு. ஓபரா எனும் இசைநாடகத்துக்கான அரங்கில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்து ஒத்திகை பார்க்கும் பணியில் சேர்ந்து படிப்படியாக உயர்வது ஒன்று. போட்டியில் வென்றோ, சிம்பொனி இசைக்குழு ஒன்றின் துணை நடத்துநராகியோ நேரே மேடையேறுவது மற்றொன்று.

விரைவில் பெயர் கிடைப்பது இரண்டாவது வழியில்தான். 1943 நவம்பர் 14 அன்று நடத்தவிருந்த ப்ரூனோ வால்டர் நோயுற்றதால், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் துணை நடத்துநரான 25 வயது லெனர்ட் பெர்ன்ஸ்டைன் ஒத்திகையின்றிக் கார்னகி ஹாலில் நிகழ்ச்சியை நடத்தினார். ஒரே நாளில் நாடறிந்தவரானார். 2004இல் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் நடத்துநர்களுக்கான மாலர் போட்டியில் வென்ற குஸ்தாவோ டுடமெல், 2009இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் தலைமைப் பொறுப்பையே ஏற்றுவிட்டார். மாறாக, 1930இல் புடாபெஸ்ட் ஓபராவில் சேர்ந்த கியார்க் ஷோல்டி, அங்கே ஒரு முழு ஓபராவை நடத்த 1938 வரை காத்திருந்தார். யூதர் என்பதால் அவருக்கிருந்த தடை இதற்குக் காரணம் என்றாலும், நீண்ட காத்திருப்பு ஓபரா அரங்குகளில் புதிதன்று.

ஆனால் அந்தக் காத்திருப்பில் கற்பது கொஞ்சநஞ்சமல்ல. மேடைக்குக் கீழே இசைக்குழு அமரும் குழியில் நின்று நடத்துபவர், தொலைவில் நடித்துக்கொண்டே பாடுபவர் அடுத்த வரிக்கு மூச்சிழுப்பதைக் கண்டு, அந்த நொடியிலேயே வயலின்களுக்குச் சைகை தர வேண்டும். பாடகர் ஒரு சொல்லைத் தவறவிட்டு முன்னே தாவினால், எழுபது பேரையும் அவரோடு தாவ வைக்க வேண்டும். ஜெர்மானிய அரங்குகளில் பழைய தயாரிப்பை இசைக்குழுவுடன் ஒத்திகையே பாராமல் நடத்தும்படி இளையவரைக் குழிக்குள் இறக்கிவிடுவதும் உண்டு. சிம்பொனி மேடையில் இத்தகைய விபத்துகள் குறைவு. அங்கே சோதனை வேறு வகை. இரண்டு மூன்று நாள் ஒத்திகைக்குள், அந்தப் படைப்பைத் தம்மைவிடப் பலமுறை வாசித்திருக்கும் கலைஞர்களிடம் புதிதாக எதையாவது சொல்லியாக வேண்டும். சொல்ல ஒன்றுமில்லாதவரை அவர்கள் முதல் அரைமணியிலேயே எடைபோட்டு விடுவார்கள்.

குழியிலிருந்து மேடைக்கு மாறுவதே எளிது என்பது என் கணிப்பு. ஷோல்டி பின்னர் சிகாகோ சிம்பொனியை 1969 முதல் 1991 வரை வழிநடத்தினார். மைனிங்கன், பெர்லின், மியூனிக் ஓபரா அரங்குகளில் வளர்ந்த கிரில் பெட்ரென்கோ 2019இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநரானார். பெரும்பாலும் சிம்பொனி மேடையிலேயே வளர்ந்தவர் நடுவயதில் முதன்முறையாகக் குழிக்குள் இறங்கினால், பாடகரைப் பின்தொடரும் அனிச்சைப் பழக்கத்தை அப்போதுதான் உருவாக்க வேண்டியிருக்கும்.

இருப்பினும் ஓபரா வழி எல்லோருக்கும் உரியதன்று. முழு இசைக்குழுவுக்கான சுரக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் பியானோவில் சுருக்கி வாசிக்கவும், இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு உச்சரிப்பைத் திருத்தவும் தெரியாதவரை ஒத்திகை அறையில் சேர்க்கமாட்டார்கள். நரம்பிசையோ காற்றிசையோ மட்டும் பயின்றவர் போட்டிகளையும் துணை நடத்துநர் பணியையும் நாடுவதே நடைமுறைக்கு ஒத்தது.