ஆப், கைமீட்டர், அரசு சோதனை: வீட்டில் மின்காந்தப் புலத்தை எதை வைத்து அளப்பது?

எதிர்வீட்டு மொட்டை மாடியில் செல்போன் டவர், தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர், மனைக்குப் பின்னால் நெய்வேலியிலிருந்து வரும் 230 கே.வி. லைன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, "கதிர்வீச்சு எவ்வளவு இருக்கும், பிள்ளைகளுக்கு ஆகுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லைனும் டிரான்ஸ்ஃபார்மரும் தருவது 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலம். டவரும் போனும் தருவது 700 மெகாஹெர்ட்ஸ் முதல் 3,300-க்கும் மேல் போகும் ரேடியோ அலை. ஒன்றை அளக்கும் சென்சார் மற்றதைப் பார்க்காது. ஆய்வுகளும் தனித்தனி.

இந்தப் புலங்களால் நோய் வருமா என்று பார்க்கும் ஆய்வுகளில் நோயாளிகளை எண்ணுவது பெரிய சிரமமில்லை. யார்மேல் எவ்வளவு பட்டது என்று கண்டுபிடிப்பதில்தான் ஆய்வுகள் திரும்பத் திரும்ப இடறியிருக்கின்றன. வீட்டில் அளக்கும்போது சறுக்குவதும் அதே இடத்தில்தான். ஆகவே ஒரு கருவியின் விலையைக் கேட்பதற்கு முன்னால், அது தரும் எண்ணை ஆய்வுகள் பேசும் எண்ணோடு வைத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

போனில் உள்ள இலவச ஆப்

இதை விட்டுவிடுங்கள். போனுக்குள் இருப்பது திசைகாட்டிக்கான காந்த சென்சார். பூமியின் நிலையான காந்தப் புலத்தைப் பார்க்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் அது சுமார் 40 மைக்ரோ டெஸ்லா (காந்தப் புலத்தின் அலகு). 50 ஹெர்ட்ஸ் புலம் வினாடிக்கு 50 சுற்று சுற்றுவது. வினாடிக்கு 50 அல்லது 100 முறை மட்டும் எட்டிப் பார்க்கும் சென்சாரால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. நாம் தேடும் அளவோ (ஏன் என்பது கீழே) 0.4 மைக்ரோ டெஸ்லா, அதாவது பின்னணியில் நூறில் ஒரு பங்கு. இரும்பு பீரோ, ஜன்னல் கிரில், கட்டிலின் இரும்புச் சட்டம் பக்கத்தில் கொண்டுபோனால் ஆப் சிவப்பு காட்டும். அது இரும்பு பூமியின் புலத்தை வளைப்பதால் வருவது. கரண்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டவரின் ரேடியோ அலையை இந்த சென்சார் அறியவே அறியாது.

கைமீட்டர்: 50 ஹெர்ட்ஸுக்கு

காசு செலவழிக்கத் தகுந்தது இங்கேதான். எந்த எண்ணைத் தேடுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

1979-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் வெர்தைமர், லீப்பர் என்ற இருவர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீட்டுக்கு வெளியே போகும் மின்கம்பிகளின் வகையையும் தூரத்தையும் குறித்துக்கொண்டு ஒப்பிட்டார்கள். வீட்டுக்குள் யாரும் மீட்டர் வைக்கவில்லை; கம்பிதான் அளவுகோல். பிறகு வந்தவர்கள் வீட்டுக்குள், பலர் குழந்தை படுக்கும் அறையிலேயே, 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று அளந்தார்கள். 2000-ல் ஆல்பாம் என்ற ஆய்வாளரின் குழு, அப்படி அளந்த ஆய்வுகளையும் லைனை வைத்துப் புலத்தைக் கணக்கிட்ட ஆய்வுகளையும் சேர்த்து மொத்தம் 9 ஆய்வுகளை அலசியது. சராசரி 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்குக் கீழே இருந்த வீடுகளில் ரத்தப் புற்றுநோய் அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. மேலே இருந்த வீடுகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அந்த மேல்பிரிவில் வந்த குழந்தைகள் 0.8 சதவீதம்தான். சிலவகைக் குடும்பங்கள் ஆய்வுக்கு வர மறுத்ததாலும் இப்படி ஒரு கணக்கு வரலாம். விலங்குச் சோதனைகள் இதற்குத் துணை நிற்கவில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-ல் இதை 2பி, அதாவது 'ஒருவேளை புற்றுநோய் தரலாம்' என்ற பிரிவில் வைத்தது. சர்வதேசக் குழுவான இக்னிர்ப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்த வரம்பு 200 மைக்ரோ டெஸ்லா. அது நரம்பைத் தூண்டும் உடனடி விளைவுக்கான வரம்பு. 0.4-ஐ 200-க்குப் பக்கத்தில் வைத்து "500 மடங்கு பத்திரம்" என்று சொல்வதும் தவறு, 0.4-ஐத் தாண்டினாலே நோய் என்பதும் தவறு. இரண்டும் வேறு கேள்விக்கான விடைகள்.

இனி மீட்டர். ஒரு திசையில் வரும் புலத்தை மட்டும் பார்க்கும் ஒற்றை அச்சு மீட்டர் மலிவு, மூன்று திசையையும் சேர்த்துப் பார்க்கும் மூன்று அச்சு மீட்டர் அதைவிடச் சில மடங்கு விலை. ட்ரைஃபீல்ட் டிஎஃப்2 போன்றவை மூன்று அச்சு. ஒற்றை அச்சு மீட்டரும் பொறுமை இருந்தால் போதும்: ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் திருப்பி மூன்று எண் எடுங்கள். 1.2, 0.9, 0.4 மில்லி காஸ் வந்தால், ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டினால் 2.41, அதன் வர்க்கமூலம் 1.55. பத்து மில்லி காஸ் ஒரு மைக்ரோ டெஸ்லா, ஆகவே 0.155. அதிகம் பேர் தவறுவது இந்தப் பத்தில்தான். திரையில் 4 என்று வந்தால் மில்லி காஸா, மைக்ரோ டெஸ்லாவா என்று பார்க்காமல் பயந்துவிடுகிறார்கள், அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அளக்கும் முறை: தலையணை இருக்கும் இடத்தில் வையுங்கள், சுவரில் ஒட்ட வேண்டாம். முதலில் எல்லாம் ஓடும்போது ஒரு எண். பிறகு மெயினை இறக்கிவிட்டு ஒரு எண். இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைக்க வேண்டும். இல்லையென்றால் பாதி வீடு ஓடிக்கொண்டே இருக்கும், கணக்கு கெட்டுவிடும். மெயின் இறங்கிய பிறகும் எண் மாறவில்லை என்றால் புலம் வெளியிலிருந்து வருகிறது. சரிந்து விழுந்தால் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

லைனின் காந்தப் புலம் வோல்டேஜைப் பொறுத்ததல்ல, ஓடும் ஆம்பியரைப் பொறுத்தது. 230 கே.வி. என்ற பெயர் பயமுறுத்தினாலும், பால்கனியை ஒட்டிப் போகும் சாதாரண எல்.டி. லைன் (வீடுகளுக்கு இணைப்புத் தரும் குறைந்த அழுத்த லைன்) சில வீடுகளில் அதிகம் தரும். காலை 11 மணிக்கு அளந்து நிம்மதியடைவதில் பொருளில்லை. ஏப்ரல், மே மாத இரவு பத்து மணிக்கு, தெரு முழுக்க ஏ.சி. ஓடும்போதும், வயல்வெளி மனையாக இருந்தால் பம்ப்செட்டுக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரத்திலும் அளந்து பாருங்கள். பதிவு செய்யும் வசதியுள்ள மீட்டரை ஒரு நாள் வாடகைக்கு எடுக்க முடிந்தால் அதுதான் மேல், ஆய்வுகளின் 0.4 என்பது அப்படிப்பட்ட சராசரி, ஒரு நொடியின் உச்சம் அல்ல.

வீட்டுக்குள்ளிருந்து வந்தால் காரணம் பெரும்பாலும் ஒயரிங். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே ஓடினால் ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும். மாடிக்குத் தனி சர்வீஸ் எடுத்த வீடுகளில் படிக்கட்டு விளக்கின் டூ-வே சுவிட்சுக்கு ஃபேஸ் கீழ் சர்வீஸிலிருந்தும் நியூட்ரல் மேல் சர்வீஸிலிருந்தும் வருவது சகஜம். அந்த இடத்தில் இரண்டு நியூட்ரலும் ஒட்டிக்கொண்டால், கீழ்வீட்டுக் கரண்ட்டில் ஒரு பங்கு மேல்வீட்டு வழியாகத் திரும்பும். 2 ஆம்பியர் அப்படித் தனியாகச் சுற்றினால் ஒரு மீட்டர் தூரத்தில் சரியாக 0.4 மைக்ரோ டெஸ்லா வரும்: ஆம்பியரை 0.2-ஆல் பெருக்கி, மீட்டர் தூரத்தால் வகுத்தால் போதும். கண்டுபிடிக்க, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து மெயினில் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டருக்குள் விடச் சொல்லுங்கள். பூஜ்ஜியம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் கோளாறு உறுதி. இந்தக் கோளாறு இருக்கும் வீட்டில், மின்கசிவைக் கண்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. நிற்காது, விழுந்துகொண்டே இருக்கும். அதைத் தாங்க முடியாமல் ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடுகிறார்கள். காந்தப் புலத்தைவிட அதுதான் ஆளைக் கொல்லும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அதே அக்கறையோடு இன்னொன்று. லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 11 கே.வி. வரை 1.2 மீட்டர், 33 கே.வி. வரை 2 மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 33 கே.வி.க்கும் 0.3 மீட்டர் கூட என்ற விதி ஷாக்குக்காக வந்தது, காந்தப் புலத்துக்காக அல்ல. மாடியில் நீளக் கம்பி தூக்குவது, கொடி கட்டுவது போன்றவற்றில் நடக்கும் விபத்தைத் தவிர்க்கத்தான் அந்த இடைவெளி.

தானே புயலுக்குப் பிறகு கடலூர் நகரில் லைன்களைப் பூமிக்கடியில் கொண்டுபோகும் வேலை நடந்ததால் "கேபிள் வந்தால் புலம் போய்விடுமா?" என்ற கேள்வியும் வருகிறது. கேபிளில் மூன்று கம்பியும் நெருங்கியிருப்பதால் தூரம் போகப் போக புலம் வேகமாகக் குறையும். ஆனால் கேபிளுக்கு நேர் மேலே நிற்பவருக்கு அது ஒரு மீட்டர் கீழேதான் இருக்கிறது. நடைபாதையில் எண் கூடும், படுக்கையறையில் குறையும். நமக்கு வேண்டியது இரண்டாவது.

கைமீட்டர்: டவருக்கு

இங்கே கைமீட்டர் பாதி உதவிதான், அதுவும் ரேடியோ அலைக்கான சென்சார் அதில் இருந்தால். முதல் குறை, மலிவான மீட்டர் உச்சத்தைக் காட்டுகிறது. வரம்புகளோ சில நிமிடச் சராசரியில் பேசுகின்றன. வைஃபை விட்டு விட்டு அனுப்புவதால் உச்சம் சராசரியைவிடப் பல மடங்கு போகும். இரண்டாவது, அலைவரிசையைப் பிரிக்காது. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா இக்னிர்ப் அளவில் பத்தில் ஒரு பங்கை வரம்பாக வைத்தது: 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1,800-ல் 0.9 வாட். ஒரே எண் ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு. மூன்றாவது, 3,000 மெகாஹெர்ட்ஸோடு நிற்கும் மீட்டருக்கு 3,300-க்கு மேல் ஓடும் 5ஜி தெரியாது. தெரிகிற மீட்டரிலும், அந்தப் பக்கம் யாரும் டவுன்லோடு செய்யாதபோது 5ஜி கற்றை உங்கள் பக்கம் திரும்பாது.

அலகிலும் கவனம். 0.45 வாட் என்பது 450 மில்லி வாட், 4,50,000 மைக்ரோ வாட். சதுர சென்டிமீட்டரில் சொன்னால் 45 மைக்ரோ வாட். வோல்ட் கணக்கில் காட்டும் மீட்டரென்றால் அந்த எண்ணை வர்க்கித்து 377-ஆல் வகுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு 13 வோல்ட் என்பது சதுர மீட்டருக்கு 0.45 வாட்டுக்குச் சமம். அளக்கும்போது உங்கள் போன் ஃபிளைட் மோடில் இருக்கட்டும், மீட்டரைக் கை நீட்டிப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். உடம்பே அலையை மறைக்கும்.

டவருக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் எண் குறைவாக வருவது கண்டு பலர் மீட்டர் கெட்டுவிட்டது என்கிறார்கள். கெடவில்லை. நெட்டையான பெட்டி போன்ற ஆன்டெனா டார்ச் வெளிச்சம் போல முன்னால்தான் வீசும். அதன் மட்டத்தில், அதற்கு நேர் எதிரே இருக்கும் மூன்றாம் மாடி ஜன்னலில்தான் அளக்க வேண்டும். முரசு போன்ற வட்டத் தட்டு டவருக்கும் டவருக்கும் இடையே பேசுவது.

அரசு சோதனை

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் உங்கள் பகுதி டவர்களைப் பார்க்கலாம்; 4,000 ரூபாய் கட்டி உங்கள் இடத்திலேயே அளக்கக் கேட்கலாம். புதுச்சேரியும் தமிழ்நாடு வட்டத்தில்தான் வருகிறது. டவரைப் பொறுத்தவரை எங்கள் தேர்வு இதுதான். நல்ல ரேடியோ மீட்டரின் விலையில் சிறு பங்கு, தெருவில் எட்டு வீடு சேர்ந்தால் தலைக்கு 500. சட்டப்படி நிற்கும் எண்ணும் இது ஒன்றே. குறை இரண்டு. 50 ஹெர்ட்ஸை இவர்கள் அளக்க மாட்டார்கள். வரம்புக்குள் இருக்கிறதா என்பதோடு விடை முடிந்துவிடும். அந்த வரம்பு உடல் சூடாவதை வைத்துப் போட்டது.

நீண்டகால விளைவுக்கு ஆய்வுகளிடம்தான் போக வேண்டும், அங்கே பேச்சு டவரைப் பற்றியதைவிடக் காதில் வைக்கும் போனைப் பற்றியது. 13 நாடுகளின் இன்டர்ஃபோன் ஆய்வு 2010-ல் வந்தது. மூளைக் கட்டி உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் எவ்வளவு பேசினீர்கள் என்று கேட்டார்கள். மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களுக்கு க்ளையோமா என்ற மூளைக் கட்டி 1.4 மடங்கு, மற்றவர்களுக்கு, போனே பயன்படுத்தாதவர்களைவிடக் குறைவு. போன் மூளையைக் காக்கும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். இந்த முறையில் சாய்வு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஜிப்மர் வார்டில் தலைக்கட்டியோடு படுத்திருப்பவரிடம் பத்து வருஷத்துக்கு முன் தினம் எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்று கேட்டால், காரணம் தேடும் மனது கூட்டித்தான் சொல்லும். டென்மார்க்கில் 3,58,403 பேரைச் சந்தா பதிவேடு வைத்துத் தொடர்ந்தார்கள், அபாயம் தெரியவில்லை. நினைவுக் குறை இல்லை, ஆனால் அலுவலகப் பெயரில் போன் வைத்து அதிகம் பேசியவர்கள் 'போன் இல்லாதவர்' கணக்கில் போய்விட்டார்கள். 2024-ல் வந்த காஸ்மாஸ் ஆய்வு 2,64,574 பேரிடம் முன்கூட்டியே கேட்டு, போன் நிறுவனப் பதிவோடு ஒத்துப்பார்த்தது. அதிகம் பேசியவர்களுக்கும் கட்டி கூடவில்லை. பட்டதை அளந்த விதத்தில் இதையே நாங்கள் அதிகம் நம்புகிறோம். தொடர்ந்த காலம் சுமார் ஏழு ஆண்டு என்பது மட்டும் குறை.

அமெரிக்க தேசிய நச்சியல் திட்டத்தின் எலிகளை வாட்ஸ்ஆப்பில் பார்த்திருப்பீர்கள். 2018 அறிக்கையில் ஆண் எலிகளின் இதயத்தில் கட்டி வந்ததற்குத் தெளிவான சான்று என்றே எழுதினார்கள். அளவைப் பாருங்கள்: முழு உடம்புக்கும் கிலோவுக்கு 1.5 முதல் 6 வாட், நாளுக்கு 9 மணி நேரம், 2 ஆண்டு. நம் போனுக்கு இந்திய வரம்பு, தலையில் ஒரு கிராம் திசுவின் சராசரியில் மட்டும், கிலோவுக்கு 1.6 வாட். அந்த ஆண் எலிகள் அலை படாத எலிகளைவிட நெடுநாள் வாழ்ந்தன என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. ஒதுக்கிவிடக் கூடாத ஆய்வு, ஆனால் எதிர்வீட்டு டவருக்கு அதைப் பொருத்த முடியாது.

டவரைத் தெருவை விட்டு ஓட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. சிக்னல் குறைந்தால் போன் தன் சக்தியைக் கூட்டும். 4ஜி போன் 0.2 வாட் வரை போகும், அதுவும் காதோடு ஒட்டி. ஒரு புள்ளி சிக்னலில் உள்ளறையில் நின்று பேசுகிறவர், ஜன்னலுக்கு வந்து ஸ்பீக்கரிலோ ஒயர் இயர்போனிலோ பேசினாலே பெருமளவு குறைத்துவிடுகிறார். போனின் பின்னால் ஒட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கருக்குப் பணம் தராதீர்கள். ஒன்று அது எதையும் தடுக்காது. அல்லது ஆன்டெனாவை மறைத்து போனைக் கூடுதல் சக்தியில் அலற வைக்கும். உங்கள் போனின் எஸ்.ஏ.ஆர். அளவை (உடம்பு உள்வாங்கும் சக்தி, மேலே சொன்ன 1.6 அதன் வரம்பு) பார்க்க பல மாடல்களில் *#07# அழுத்தினால் வரும்.

சோதனைக் குழு வரும் நாளில், ஆன்டெனாவுக்கு நேர் எதிர் ஜன்னல் எது என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டு அங்கே அளக்கச் சொல்லுங்கள். நேரம் மாலை ஏழு மணிக்குப் பிறகு கிடைக்குமா என்று கேளுங்கள், போன் டிராஃபிக் அப்போதுதான் அதிகம். அலைவரிசை வாரியாக எண் எழுதித் தரச் சொல்லி, அந்தத் தாளின் நகலை வாங்கி வையுங்கள். டவரில் இன்னொரு கம்பெனியின் ஆன்டெனா ஏறும்போது ஒப்பிட அது வேண்டும்.