போர்வெல் தண்ணீரில் கீசர்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

சென்னையின் தென்புறநகரில் எங்கள் வீடு. முழுக்க போர்வெல் தண்ணீர், நல்ல உப்பு. இதில் 15 லிட்டர், 2000 வாட் ஸ்டோரேஜ் கீசரைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறோம். வாங்கும்போது எல்லோரும் பிராண்டையும் ஸ்டாரையும் பார்க்கிறார்கள். ஸ்டார் என்பது, சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதற்கான அளவு. தேவையான நேரத்தில் மட்டும் போட்டு அணைப்பவர்களுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. உப்புத் தண்ணீரில் கீசர் எத்தனை வருடம் உழைக்கும் என்பது உள்ளே இருக்கும் ஆனோடு ராடைப் பொறுத்தது.

மெக்னீசியத்தால் ஆன கம்பி அது. தொட்டியின் இரும்பு அரிக்கப்படாமல் இருக்க, தான் முதலில் கரைந்துபோகும். முழுதும் கரைந்த பிறகு அடுத்தது தொட்டிதான். எங்கள் பழைய கீசருக்கு வருடா வருடம் சர்வீஸ் என்று பணம் வாங்கியவர்கள் ஒருமுறைகூட அதைக் கழற்றிப் பார்க்கவில்லை. கடைசியில் தொட்டி அடியில் ஓட்டை விழுந்தது. எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு. இப்போது சர்வீஸுக்கு வருபவர் என் கண்முன் ராடை வெளியே எடுக்க வேண்டும். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுகிறோம்.

கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். 15 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு வர, 2000 வாட்டில் சுமார் 17 நிமிடம் ஆகும். அதற்கு வெகு முன்பே விளக்கு அணைந்து, அரை வாளியிலேயே சூடு தீர்ந்தால், எலிமென்ட்டும் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி), தெர்மோஸ்டாட் (சூட்டை அளந்து கரண்டை அணைக்கும் கருவி) இருக்கும் குழாயும் உப்பில் மூடியிருக்கலாம். பக்கத்துத் தண்ணீர் மட்டும் சுட்டு, தெர்மோஸ்டாட் சீக்கிரமே அணைத்துவிடுகிறது. அதிக நேரம் எடுத்தால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் 2000 வாட் ஹீட்டர் 1500 வாட் அளவுக்கு இறங்கிவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய வேலையே இல்லை.

உள்ளிருந்து பொரிவதுபோல் சத்தம் வந்தால் அதுவும் உப்புதான். உப்பு படிந்தால் கரண்ட் பில் எகிறும் என்பார்கள். சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது என்பதால் பில்லில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் எலிமென்ட்டின் உறையில் விரிசல் விழலாம். அப்புறம்தான் ஆபத்து: உள்ளே ஈரம் இறங்கி, கரண்ட் லீக் ஆகி, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகும். கீசர் பிளக்கைக் கழற்றியதும் ட்ரிப் நின்றால் எலிமென்ட்டை மாற்றுங்கள். ஆர்சிசிபியை பைபாஸ் செய்து குளிக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். உயிரோடு விளையாடுவது அது.

உப்பெடுக்க சிட்ரிக் ஆசிட் கரைசலில் எலிமென்ட்டை ஊறவைத்தாலே உதிர்ந்துவிடும். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், அது உலோகத்தையே தின்னும். தெர்மோஸ்டாட்டையும் 60 டிகிரியைத் தாண்டி வைக்க வேண்டாம். சூடு கூடக்கூட உப்பு வேகமாகப் படியும்.

சூடேறும்போது சேஃப்டி வால்வில் சொட்டினால் பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் விரிவதால் வருவது. எரிச்சலாக இருக்கிறது என்று அதை அடைத்துவிடக் கூடாது, தொட்டி வெடிக்கலாம். சூடு ஆறிய பிறகும் விடாமல் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள்.

புதிதாக மாட்டுபவர்கள் கீசருக்கு அடியில் கை நுழையும் அளவுக்கு இடம் விடச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்குள் இறுக்கி மாட்டினால், ஆனோடு ராடை யாராலும் கழற்ற முடியாது.