முதல் அடி யாருடையது? ஆமோஸ், ஏசாயா, எசேக்கியேல்: ஓர் ஒப்பீடு

கடவுள் நீதியுள்ளவர் என்பதில் எபிரேயத் தீர்க்கதரிசிகளுக்குள் சண்டை கிடையாது. அந்த நீதி வந்து இறங்கும்போது நம் கதி என்ன என்பதில்தான் ஆளுக்கொரு பதில். ஓடி ஒளிய இடமிருக்காது என்பார் ஆமோஸ். அதுதானே உங்கள் விடுதலை என்கிறது ஏசாயா புத்தகத்தின் பிற்பகுதி. நீ இன்றைக்கு எந்தப் பக்கம் திரும்புகிறாய், அதைச் சொல் முதலில் என்பார் எசேக்கியேல். மூன்றையும் சேர்த்துப் பிசைந்து ‘வேதம் சொல்கிறது’ என்று ஒரே வாயில் விழுங்கிவிடுகிறோம். தனித்தனியாக வைத்துப் பார்த்தால், மூவரும் முட்டிக்கொள்ளும் இடம் தெரிகிறது. முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியது மனிதனா, கடவுளா?

ஆமோஸ் தெக்கோவா ஊர்க்காரர். எருசலேமுக்குத் தெற்கே, பெத்லகேமையும் தாண்டிப் போக வேண்டும். மந்தை மேய்த்தவர், காட்டத்தி மரங்களோடு பிழைத்தவர். அவர் எல்லை தாண்டி வட ராஜ்யமான இஸ்ரவேலுக்குப் போய், பெத்தேலில், அரசனுடைய கோயிலிலேயே நின்று பேசினார். காலம் கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, இரண்டாம் எரொபெயாம் ஆட்சி. செல்வம் கொழித்த நாள்கள் அவை. தந்தக் கட்டில்களில் படுத்திருப்பவர்களை ஆமோஸ் திட்டுகிறார். அந்த ராஜ்யத்தின் தலைநகர் சமாரியாவைத் தோண்டியபோது தந்தச் செதுக்கல் துண்டுகள் நிறையவே கிடைத்தன. மனுஷன் மிகைப்படுத்திப் பேசவில்லை.

எட்டாம் அதிகாரத்தில் அவர் படிக்கும் குற்றப்பட்டியல் ஒரு தானிய மண்டிக்குள் நின்று எழுதியது போல இருக்கும். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம் என்று வியாபாரி தவிக்கிறான். அளந்து கொடுக்கும் மரக்காலைச் சிறிதாக்குகிறான். அன்றைக்கு நாணயப் புழக்கம் இல்லை. வெள்ளியை நிறுத்துத்தான் வாங்க வேண்டும். அந்த எடைக்கல்லைக் கனமாக்குகிறான். கொடுக்கும்போதும் திருட்டு, வாங்கும்போதும் திருட்டு. போதாததற்குப் பதரையும் சேர்த்து விற்கிறான். கடனில் மூழ்கிய ஏழை கடைசியில் ஒரு ஜோடி செருப்பு விலைக்கு அடிமையாகப் போகிறான்.

இப்படிப்பட்ட ஊரில் கடவுளின் நீதி தூக்குநூலாக வருகிறது. சுவர் கோணலா இல்லையா என்று காட்டிவிடும், நிமிர்த்தித் தராது. கர்த்தருடைய நாள் வந்தால் நமக்கு நல்லகாலம் என்று காத்திருந்தவர்களுக்கு அவர் சொன்ன பதிலில் கொஞ்சம் கேலியும் இருக்கிறது: சிங்கத்துக்குத் தப்பி ஓடியவன் எதிரே கரடி, அதற்கும் தப்பி வீட்டுக்குள் நுழைந்து சுவரில் கையை ஊன்றினால் பாம்பு. இரட்சிப்பு? ஐந்தாம் அதிகாரத்தில் ‘ஒருவேளை’ என்று ஒரு சொல் வருகிறது. தீமையை வெறுத்து, நன்மையை விரும்பி, ஊர்வாசலில் நியாயத்தை நிலைநிறுத்துங்கள், ஒருவேளை இரங்குவார். அவ்வளவுதான் உத்தரவாதம். புத்தகத்தின் முடிவில் தாவீதின் விழுந்த கூடாரம் எழும்பும் என்ற நம்பிக்கை வரிகள் உண்டு. அதைப் பிற்காலச் சேர்க்கை என்பார்கள் ஆய்வாளர்கள் பலர். இல்லை, ஆமோஸே சொன்னார் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்பது அதிகாரத்தில் அது ஐந்தே வசனம்.

கி.மு. 722 வாக்கில் சமாரியா அசீரியரிடம் விழுந்தது. ‘ஒருவேளை’ பலிக்கவில்லை.

இனி ஏசாயா 40 முதல் 55 வரை. எல்லாமே ஆமோஸ் காலத்தை ஒட்டி வாழ்ந்த எருசலேம் ஏசாயாவின் வாக்குதான் என்பது மரபு. பாபிலோன் சிறையிருப்புக் காலத்துக் குரல் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. யார் எழுதியிருந்தாலும், யாரிடம் பேசுகிறது என்பதில் சந்தேகமில்லை. கி.மு. 586-ல் ஆலயமும் நகரமும் போய், அந்நிய தேசத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசுகிறது. இவர்கள் கையில் மரக்காலும் இல்லை, எடைக்கல்லும் இல்லை.

46-ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களைப் பாருங்கள். ‘நீதிக்குத் தூரமாக இருக்கிறவர்களே’ என்று கூப்பிடுகிறார். ஆமோஸாக இருந்தால் அடுத்த வரியில் இடி விழுந்திருக்கும். இங்கே அடுத்த வரி: என் நீதியை நான் கிட்டக் கொண்டுவருகிறேன், அது தூரத்தில் இல்லை, என் இரட்சிப்பு தாமதிக்காது. நீங்கள் தூரத்தில் நிற்கிறீர்கள், சரி, நான் வருகிறேன் என்கிறார். மனந்திரும்பு என்ற நிபந்தனை அந்த இரண்டு வசனத்தில் இல்லை. 45-ல் வானத்திலிருந்து நீதி மழையாகப் பொழிகிறது, பூமி திறந்து இரட்சிப்பு விளைகிறது. 51-ல் நீதியும் இரட்சிப்பும் வரிக்கு வரி ஜோடியாகவே வருகின்றன. தூக்குநூல் பிடித்த கை இங்கே சிறைக்கதவைத் திறக்கிறது.

திறப்பதற்குப் பயன்பட்ட ஆளைக் கேட்டால் இன்னும் திகைப்பு. பாரசீக அரசன் கோரேசு (சைரஸ்). தன்னை அறியாத அவனைக் கர்த்தர் ‘அபிஷேகம் பண்ணப்பட்டவன்’ என்கிறார். 1879-ல் பாபிலோனில் கிடைத்த களிமண் உருளையில், என்னைப் பெயர்சொல்லி அழைத்தது மர்துக் தெய்வம் என்றுதான் கோரேசின் தரப்பு எழுதி வைத்திருக்கிறது. போயும் போயும் ஓர் அந்நியன் வழியாகவா என்று சிறையிருந்தவர்களே முணுமுணுத்திருக்க வேண்டும். குயவனைப் பார்த்துக் களிமண் கேள்வி கேட்குமா என்று உடனே, சற்றுக் கோபமாகவே, பதில் வருகிறது.

எசேக்கியேல் இவ்விருவருக்கும் நடுவில். கி.மு. 597-ல் முதல் தொகுதியோடு நாடு கடத்தப்பட்டவர். அப்பன்மார் திராட்சைக் காயைத் தின்றார்கள், பிள்ளைகளுக்குப் பல் கூசுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்த ஜனங்களிடம், அந்தப் பழமொழியை இனி எடுக்காதீர்கள் என்றார் (18-ஆம் அதிகாரம்). அவனவன் கணக்கு அவனவனுக்கு. துன்மார்க்கன் திரும்பினால் பிழைப்பான். நீதிமான் வழி தவறினால் அதுவரை சேர்த்த நீதி எதுவும் கைகொடுக்காது. மூன்றிலும் நடைமுறைக்கு ஒத்துவருவது இதுதான், ஆனால் ஒரு சிக்கல். 18-ல் ‘உங்களுக்குப் புது இருதயத்தை உண்டுபண்ணிக்கொள்ளுங்கள்’ என்றவர், 36-ல் ‘புது இருதயத்தை நான் தருவேன், அதுவும் உங்களுக்காக அல்ல, என் பரிசுத்த நாமத்துக்காக’ என்று கர்த்தர் சொல்வதாக எழுதுகிறார். முதல் அடி யாருடையது என்ற கேள்விக்கு ஒரே புத்தகத்துக்குள் இரண்டு பதில்.

நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதில் ஏசாயா 40-களுக்கு எப்போதும் இடம் உண்டு. ‘கரடி எதிர்ப்பட்டது’ என்று யாருக்கும் அட்டை வந்து நான் பார்த்ததில்லை. புரிகிறது. ஆனால் ஏசாயாவின் மழையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. கி.மு. 539-ல் பாபிலோன் விழுந்தது, ஒரு பகுதியினர் திரும்பினார்கள். 520-ல் தீர்க்கதரிசி ஆகாய், விதைத்தது மிகுதி, அறுத்தது கொஞ்சம் என்கிறார். சுமார் 445-க்குப் பிறகு யூதேயாவின் ஆளுநர் நெகேமியா (5-ஆம் அதிகாரம்) கேட்ட முறையீடு இன்னும் மோசம்: வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமையாக விட்டோம். அடகு பிடித்தது பாபிலோன்காரன் அல்ல, சொந்த யூதச் சகோதரன். விடுதலையாகி வந்தவன் கையில் மறுபடியும் எடைக்கல்.

அதனால்தான் ஏசாயா 59 முக்கியமாகிறது. தூரத்தில் இல்லை என்று 46-ல் சொன்ன இரட்சிப்பு, 59:11-ல் ‘எங்களுக்குத் தூரமாயிற்று’ என்று புலம்பலாகிறது. காரணத்தையும் அதே அதிகாரம் சொல்கிறது: வீதியில் சத்தியம் இடறி விழுந்தது. உதவ ஒருவனும் இல்லை என்று கண்டு, கர்த்தரே நீதியை மார்க்கவசமாக மாட்டிக்கொண்டு இறங்குகிறார். அந்த நீதி மீட்கவும் செய்கிறது, சரிக்கட்டவும் செய்கிறது.

என் ஓட்டு ஏசாயா 56:1-க்கு. நியாயத்தைக் கைக்கொள்ளுங்கள், நீதியைச் செய்யுங்கள் என்று தொடங்குவது ஆமோஸின் குரல். ஏனென்றால் என் இரட்சிப்பு வரச் சமீபமாயிருக்கிறது என்று முடிவது 46-ன் குரல். ‘செய்தால் ஒருவேளை’ என்பது இங்கே ‘வருகிறது, ஆகவே செய்’ என்று திரும்பிவிட்டது. முதல் அடி கடவுளுடையது. இரண்டாவதை அவர் நமக்காக எடுத்து வைக்க மாட்டார். அடுத்த வசனங்களிலேயே, உபாகமம் 23 சபைக்கு வெளியே நிறுத்திய அண்ணகனுக்கு (விதையடிக்கப்பட்டவனுக்கு) ஆலயத்துக்குள் இடமும் பெயரும் கிடைக்கிறது.

படிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: ஆமோஸ் 5, 8, எசேக்கியேல் 18, ஏசாயா 45, 46, நெகேமியா 5, கடைசியில் ஏசாயா 59, 56. அவசரத்தில் ஒன்றை விட வேண்டுமென்றால் எசேக்கியேலை விடுங்கள், நெகேமியாவை விடாதீர்கள்.