தொட்டி மோட்டாருக்கு எர்லாங்கா, லிஸ்ப்பா, ஹாஸ்கெல்லா?

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை ஈஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள ஒரு குட்டிக் கணினி போர்டு பார்த்துக்கொள்கிறது. முதலில் ஆர்டுயினோ பாணியில் சி++ எழுதியிருந்தேன். ஒரு ராத்திரி ரவுட்டர் நின்றுபோனது. வைஃபை வரும்வரை காத்திரு என்று நானே எழுதி வைத்திருந்த வளையத்துக்குள் போர்டு மாட்டிக்கொண்டது. மோட்டார் பாட்டுக்கு ஓடியது. விடிகாலையில் கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, "மழையே இல்ல, சன்ஷேடுலேர்ந்து தண்ணி கொட்டுதேப்பா" என்றபோதுதான் தெரிந்தது. தப்பு என்னுடையது, சி++ மேல் பழி போடவில்லை. ஆனாலும் அந்த எரிச்சலில்தான் எர்லாங், லிஸ்ப், ஹாஸ்கெல் போன்ற, நிரலை ஃபங்ஷன்களாகக் கோத்து எழுதும் ஃபங்ஷனல் மொழிகள் பக்கம் போனேன்.

நெர்வ்ஸ் இந்த ஆட்டத்தில் இல்லை. எர்லாங்கின் உறவு மொழியான எலிக்ஸிரில் கருவிகளுக்கு நிரல் எழுத அருமையான சாதனம்தான், ஆனால் அதற்கு லினக்ஸ் ஓடும் ராஸ்பெர்ரி பை மாதிரி போர்டு வேண்டும். நான் பேசுவது லினக்ஸ் இல்லாமல் ஓடும் ஒற்றைச் சிப் கணினி, அதாவது மைக்ரோகண்ட்ரோலர்.

சின்ன போர்டுகளுக்கான லிஸ்ப்பான யூலிஸ்ப்பைத் தொட்டவுடன் பிடித்துவிட்டது. சீரியல் கேபிளைச் செருகி ஒரு வரி தட்டினால் மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் ரிலே 'டிக்' என்கிறது. கம்பைல் இல்லை, காத்திருப்பு இல்லை. எழுதியதை அப்படியே போர்டில் சேமித்து, கரண்ட் வந்ததும் தானாக ஓடவும் வைக்கலாம். சென்சாரை மேசையில் வைத்துச் சோதிக்க இன்றும் அதைத்தான் எடுப்பேன். என்ன சிக்கல் என்றால், அதில் ஒரு நேரத்தில் ஓடுவது ஒரே வேலை (ஒரே இழை). நாம் பிடிக்காமல் விட்ட பிழை ஒன்று வந்தால் நிரல் நின்று, அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும். மேசையில் அது வரம். மொட்டைமாடியில் கட்டளை தட்ட யார் இருக்கிறார்கள்?

ஹாஸ்கெல் பக்கம் கோபைலட்டை ஒரு வார இறுதி மட்டும் பார்த்தேன். (இன்று அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் வேறொன்று நினைவுக்கு வரும். இது நாசாவில் பயன்படுத்தும் பழைய கோபைலட்.) இதில் ஹாஸ்கெல் போர்டில் ஓடுவதே இல்லை. லேப்டாப்பில் எழுதியதிலிருந்து சி மொழி (சி99) நிரலை அது பிறப்பித்துத் தரும். எவ்வளவு மெமரி என்பது முன்னாலேயே முடிவாகிவிடும், பயன்படாத மெமரியை ஓடும்போதே பொறுக்கி எடுக்கும் கார்பேஜ் கலெக்ஷன் என்ற பேச்சே கிடையாது. பறக்கும் கருவிக்கு எழுதுகிறவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் வைஃபை, செய்தி அனுப்புவது போன்ற வேலைகளுக்கு மறுபடியும் சி-யில்தான் உட்கார வேண்டும். நான் தப்பி ஓடி வந்ததே அங்கிருந்துதான்.

கடைசியில் நிலைத்தது ஆட்டம்விஎம். எர்லாங், எலிக்ஸிர் நிரல்களை ஈஎஸ்பி32, பைகோ போன்ற சின்ன போர்டுகளில் ஓட்டும் குட்டி மெய்நிகர் இயந்திரம். வேகம், நூலகங்களின் எண்ணிக்கை இரண்டிலும் சி++தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை. எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: ஒரு மூலையில் ஏதாவது கெட்டால் மிச்சம் என்ன ஆகிறது?

என் சென்சார் தண்ணீர் வரை உள்ள தூரத்தை நாலு நாலு பைட்டாக அனுப்பும். முதல் பைட் எப்போதும் 255. அடுத்த இரண்டும் சேர்ந்து மில்லிமீட்டரில் தூரம். நாலாவது, முதல் மூன்றின் கூட்டுத்தொகையில் கடைசி பைட். 255, 2, 100, 101 என்று வந்தால் 612 மில்லிமீட்டர். எர்லாங்கில் இந்த வடிவத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம். சி++-இல் பைட்டுகளை ஒட்டவும் சரிபார்க்கவும் நான் அடுக்கியிருந்த ஷிஃப்ட், ஆர், இஃப் எல்லாம் போயே போயிற்று. ஈரத்தில் ஒயர் சிணுங்கி 255, 2, 17, 101 என்று வந்தால் கணக்கு பொருந்தாது, சென்சாரைப் படிக்கும் ப்ராசஸ் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு குட்டி வேலை) செத்துவிடும். சாகட்டும். ப்ராசஸ்களைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் அதை மறுபடி எழுப்பும், புது 255-க்குக் காத்திருந்து அது தொடரும். மோட்டார் ப்ராசஸுக்கு இது எதுவும் தெரியாது. 30 நொடி வரை அளவு வராவிட்டால் ரிலேயை அணை என்பது மட்டும் அதற்குத் தெரியும். வைஃபை இன்னொரு ப்ராசஸ், அது எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தாலும் எனக்குக் கவலையில்லை.

சி++-இலும் வேலைகளை ஃப்ரீஆர்டிஓஎஸ் (பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் குட்டி இயங்குதளம்) டாஸ்க்குகளாகப் பிரித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பிரிக்கலாம், அந்த ராத்திரிப் பிரச்சினையும் தீர்ந்திருக்கும். ஆனால் அந்த டாஸ்க்குகள் எல்லாம் ஒரே மெமரியில் குடியிருப்பவை. ஒன்று தவறான இடத்தைத் தொட்டால் 'குரு மெடிடேஷன்' என்று ஒரு பிழைச் செய்தி வந்து முழுச் சிப்பும் ரீஸ்டார்ட் ஆகும். எர்லாங்கில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனி மெமரி; குப்பை அள்ளுவதும் அதனதன் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக 1980-களில் எரிக்சனில் யோசித்தது, தண்ணீர்த் தொட்டிக்கும் பொருந்துகிறது.

குறைகளும் உண்டு. ஈஎஸ்பி32-இல் இருப்பது 520 கேபி ரேம், அதில் வைஃபை ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சரத்தை (எழுத்துத் தொடரை) பழக்கதோஷத்தில் லிஸ்டாக வைத்தால் எழுத்துக்கு 8 பைட் போகும். பைட்டுகளை ஒட்டி அடுக்கும் பைனரியாக வைக்கப் பழக வேண்டும். மெமரி மொத்தமாகத் தீர்ந்தால் எந்த சூப்பர்வைசரும் காப்பாற்றாது. மைக்ரோநொடி அளக்கும் வேலையும் இதற்கு ஒத்துவராது. முதலில் வாங்கியது எதிரொலித் துடிப்பின் நீளத்தை நாமே அளக்க வேண்டிய மலிவான சென்சார். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் இந்த நாலு பைட் சென்சாருக்கு மாறினேன். பேட்டரியில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்தப் போர்டு போகும் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும்போதெல்லாம் எல்லாமே முதலிலிருந்து தொடங்குவதால், மின்சாரக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 2 கேபி ரேம் உள்ள ஆர்டுயினோ ஊனோதான் கையில் இருக்கிறது என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

பராமரிப்பில் இன்னொரு வசதி: பைட் பிரிக்கும் மாட்யூலை லேப்டாப்பிலேயே சாதாரண எர்லாங்கில் ஓட்டி, கெட்ட பைட்டுகளை ஊட்டிச் சோதித்துவிடுகிறேன். போர்டில் மெய்நிகர் இயந்திரத்தை ஏற்றியது ஒரே தடவை. அப்புறம் மாற்றுவதெல்லாம் என் நிரல் மட்டும்தான். ஆனால் அதை வைஃபை வழியாக அனுப்பும் ஏற்பாட்டை இன்னும் செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பையும் கேபிளையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குத்தான் ஏறுகிறேன்.